சாமிப் பானையும் யூரியா சாக்கும்

1. கவுண்டருக்கு வந்த பானை

மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் வரும். கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் வரும். ஒருமுறை ஒருவர் மாட்டுச் சாணத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்தார். பானை மட்டும் வந்ததில்லை. நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தைய கோடையில் அதுவும் வந்து கவுண்டரில் உட்கார்ந்தது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் லேப் அசிஸ்டெண்ட். விவசாயிகள் வயல் மண்ணை அரைக் கிலோ கொண்டுவருவார்கள். அதை நிழலில் காயவைத்து, கட்டி உடைத்து, சல்லடையில் சலித்து, பி.எச்., ஈ.சி., தழை மணி சாம்பல் சத்தெல்லாம் பார்த்துக் கார்டு கொடுப்போம். இதில் என் நேரத்தில் பாதி திட்டுவதற்கே போய்விடும். வரப்பில் எடுக்காதீர்கள், எருக்குழி ஓரம் எடுக்காதீர்கள், மரத்தடியில் எடுக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துவேன். எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது யூரியா சாக்கு. உரம் இருந்த சாக்கில் மண்ணைப் போட்டுக் கொண்டுவந்தால், சாக்கில் ஒட்டியிருக்கும் உரமும் சேர்ந்து ரிசல்ட்டைக் கெடுத்துவிடும். "மண்ணை டெஸ்ட் பண்ணணுமா, சாக்கை டெஸ்ட் பண்ணணுமா?" என்று கவுண்டரிலேயே வைத்துக் கேட்பேன். அதனால் எனக்குச் 'சாக்கு மேடம்' என்று பேர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் என் காது நல்ல காது.

அன்று ஒரு பெண் வந்தாள். பேர் சுமதி. குடுமியான்மலைப் பக்கத்துக் கிராமம். இடுப்பில் பிள்ளை, கையில் பிக்‌ஷாப்பர் பை. பிள்ளைக்குத் தோள் வரை முடி, உச்சியில் ரப்பர் பேண்ட்.

"பாப்பா பேரென்ன?" என்றேன்.

"பாப்பா இல்ல மேடம், பையன். இன்னும் முடி எறக்கல. அந்த விசயமாத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

"முடி எறக்க மண்ணு ஆபீசுக்கா வருவாக?"

அவள் மஞ்சள் துணி சுற்றிய ஒரு சின்ன மண்பானையைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். மேலே மூடி, மூடியைச் சுற்றி மண் பூசி அடைத்திருந்தது. "இந்தப் பானை எந்த ஊரு மண்ணுன்னு பாத்துச் சொல்ல முடியுமா மேடம்? அது தெரிஞ்சா எங்க குலசாமி எந்த ஊருன்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

சங்கதி இதுதான். அவள் மாமனார் சின்னையாவின் குடும்பம் பல தலைமுறைக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து குடியேறியது. எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது. கூடவே வந்தது இந்தப் பானை ஒன்றுதான். அதைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள், யாரும் திறந்ததில்லை. சுமதியின் புருஷன் ரமேஷுக்கு விராலிமலை முருகனிடம்தான் முதல் முடி எடுத்தார்கள். "முருகன் எல்லாருக்கும் சாமி மேடம். எங்களுக்குன்னு ஒண்ணு வேணும்ல" என்றாள் சுமதி. போன வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பேச்சுவாக்கில் எவனோ சின்னையாவைப் பார்த்து, "நீங்கதான் சாமியத் தொலைச்ச வகையறாவாச்சே" என்று சொல்லிவிட்டான். அவர் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பேரனுக்குக் குலசாமி கோவிலில்தான் முடி எறக்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். மூன்று ஜோசியர்களைப் பார்த்தாயிற்று. மூன்று பேரும் மூன்று திசையைக் காட்டினார்கள். ரமேஷ் கத்தாரிலிருந்து அடுத்த மாதம் லீவில் வருகிறான். பையனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. ஒற்றைப்படை வயதில்தான் முடி எறக்குவார்கள், இந்த லீவை விட்டால் ஐந்தாம் வயதுதான்.

எங்கள் ஆபீசர் சார் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயசு, நல்ல மனிதர், வாய் சும்மா இருக்காது. "மேடம், நம்ம கார்டுல குலதெய்வத்துக்குக் கட்டம் இல்லையே, எங்க என்ட்ரி போடுவீங்க?" என்றார்.

"ரிமார்க்ஸ்ல போட்டுக்கிறேன் சார்" என்றேன். எனக்கு அப்போதே கை பரபரத்துவிட்டது. அத்தனை வருஷமும் 'இந்த மண்ணில் என்ன விளையும்' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். 'இது எங்கே பிறந்தது' என்று கேட்ட முதல் ஆள் சுமதி.

2. சில்லு காட்டிய வழி

பானையின் விளிம்பில் ஒரு சில்லு எப்போதோ உடைந்து, அதே துணியில் முடிந்திருந்தது. அதில் பாதியை வாங்கிக்கொண்டேன். உடைத்து லென்ஸில் பார்த்தேன். நல்ல சிவப்பு, நடுநடுவே கடுகு போல இரும்புக் குறுணி. ஆசிட் ஒரு சொட்டு விட்டேன். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். நுரைக்கவில்லை. பொடித்து நனைத்து விரலிடுக்கில் உருட்டினேன். இந்த வேலையில் பாதி படிப்பு, பாதி கைப்பழக்கம். திருவரங்குளம் பக்கத்துச் செம்மண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

"திருவரங்குளம்" என்று சுமதிக்குப் போன் போட்டேன். "மாமாட்ட குடுக்குறேன் மேடம், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சனிக்கிழமை நான், சுமதி, சின்னையா மூவரும் போனோம். சின்னையா வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பானையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பானை வனையும் வேளார் ஒருவரைப் பார்த்தோம். அங்குள்ள அய்யனார் கோவிலுக்கு அவர்தான் பூசாரியும். பானையைக் கையில் வாங்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"எங்காளுக கைதான். இப்புடிக் கழுத்து மடிக்கிறது இங்கிட்டுத்தான்" என்றார்.

சின்னையா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அய்யனார் இருந்த திசையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தவர் கத்தாருக்குப் போன் போட்டார். "தம்பி, சாமி கெடச்சிருச்சுப்பா" என்றார். நானும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை என்று தலையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். ஆபீசில் எல்லாருக்கும் என் செலவில் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தேன்.

ரமேஷ் லீவில் வந்து இறங்கினான். மொட்டைக்கு நாள் குறித்து, கிடா பார்த்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. கோவில் பங்காளிகளிடம் முறையாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று சின்னையா மறுபடி அங்கே போனார். கூட்டிப்போனது நான்தானே என்று நானும் போனேன். அங்கே ஒரு பெரியவர் கேட்டார்: "நீங்க யாரு வகையறா? எங்கள்ல எந்தக் கரை?"

கரை என்றால் ஒரே சாமியைக் கும்பிடும் பங்காளிக் கிளை. சின்னையாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். வெளியூர் போன கிளைகள் எல்லாவற்றையும் பேர் பேராகச் சொன்னார்கள். இவர்களைப் போல் எவரும் இல்லை. வேளாரிடம் திரும்பினேன். "பானை எங்களுதுதான்மா. சாமியும் எங்க சாமின்னு நான் சொல்லலையே" என்றார். நியாயமான பேச்சு.

திரும்பி வரும்போது சின்னையா பானையை மடியில் வைத்திருந்தார், ஆனால் நிமிர்ந்து உட்காரவில்லை. "சொல்லிவிட்ட சனத்துக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது தாயி?" என்று மட்டும் கேட்டார். அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். நான்தான் ஆசையைக் கிளப்பிவிட்டு அவரை இரண்டாம் தரமும் சபையில் தலைகுனிய வைத்துவிட்டேன்.

3. சாக்கு

அடுத்த வேலைநாள் கவுண்டரில் முதல் ஆளே யூரியா சாக்கோடு வந்தார். எனக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. பிடித்துக்கொண்டேன்.

"எத்தன தடவங்க சொல்றது? மண்ணு ஒங்க வயல்ல எடுத்தது. சாக்கு கடையில வாங்குனது. ரெண்டும் ஒண்ணா? நான் மண்ணைப் பாக்கணுமா, சாக்கை..."

அதற்குமேல் வாய் ஓடவில்லை. அந்த மனிதர் எனக்கு ஏதோ மயக்கம் என்று நினைத்து, "மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

மண் வயலில் எடுத்தது, சாக்கு கடையில் வாங்கியது. பானையும் அப்படித்தானே? ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி இருக்கும் இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். பிடிமண் என்போம். போகிற ஊரில் அதை வைத்துக் கும்பிடுவார்கள். சாமி ஊரின் மண் அந்தப் பானைக்குள்ளே இருக்கிறது. பானை, போகிற வழியில் வாங்கியது. முந்தானையில் முடிந்து எடுத்துவந்த மண்ணுக்குத் திருவரங்குளத்தில் ஒரு பானை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊரிலிருக்கிற விவசாயியையெல்லாம் திட்டித் தீர்த்த சாக்கு மேடம், சாக்கை டெஸ்ட் பண்ணிவிட்டு பஜ்ஜியும் வாங்கிக்கொடுத்திருக்கிறாள்.

ஆபீசர் சாரிடம் ஓடிச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "லீவ் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க மேடம், இங்க நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்த யூரியா சாக்குக்காரருக்குப் பாவம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை நான்.

குடுமியான்மலை பஸ்ஸைப் பிடித்து, அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது சின்னையா முகம் கொடுத்தே பேசவில்லை. பானையைத் திறக்க வேண்டும் என்றதும் கொதித்துவிட்டார்.

"எங்க அப்பாரு சாகையில சொன்னது அது ஒண்ணுதான். தொறக்கக் கூடாது, தொறந்தா சாமி போயிரும்னு. ஒங்க பேச்சக் கேட்டு ஒருக்கா பட்டது போதும்."

"ஒரு ஸ்பூன் போதுங்கய்யா."

"ஸ்பூனாவது கரண்டியாவது. நீங்க போயிட்டு வாங்க."

ரமேஷ் அப்பாவை எதிர்த்துப் பேசத் தயங்கித் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுப்படி நிலையில் நின்றிருந்த சுமதிதான் வாயைத் திறந்தாள். மாமனார் முன்னால் அவள் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

"மாமா, தொறந்தா சாமி போயிரும்னு பயப்படுறீக. போனா எங்க போகும்? அதோட ஊருக்குத்தானே போகும்? நாமளும் பின்னாலயே போயிருவோம்."

சின்னையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ரமேஷுக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியாமல் இருமினான். பெரியவர் முகமும் கொஞ்சம் இளகிவிட்டது. "நல்லா வாயடிக்கிறத்தா நீ" என்றார். இருந்தாலும் பூப்போட்டுப் பார்க்காமல் தொட மாட்டேன் என்றுவிட்டார். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் திறக்கலாம். பேரனை எடுக்கச் சொன்னார். அவன் இரண்டையும் சேர்த்து அள்ளினான். எல்லாரும் பதறிப்போய் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது.

4. ஆசிட் நுரைத்தது

மூடியைச் சுற்றியிருந்த பூச்சைச் சின்னையாவே ஈரத்துணியால் நனைத்து நனைத்து இளக்கினார். மூடியை எடுத்ததும் எல்லாரும் எட்டிப்பார்த்தோம். உள்ளே சிவப்பே இல்லை. சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று மணல். அந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் அப்படி மண் வராது. வெற்றிலையில் ஒரு ஸ்பூன் வைத்துக் கொடுத்தார். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தவள், புதுக்கோட்டை வரும் வரை பையின் ஜிப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை அதுதான். ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. கொஞ்சம் எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி ஈ.சி. மீட்டரில் வைத்தேன். ஈ.சி. என்பது மண்ணில் உள்ள உப்பைக் காட்டும். நம் பக்கத்து வயல் மண்ணுக்கு அந்த எண் அசையவே யோசிக்கும். இது வைத்த உடனே ஏறு ஏறென்று ஏறியது. மீட்டர்தான் கெட்டுப்போனதோ என்று துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் ஏறியது. "சார், சீக்கிரம் வாங்க" என்று கத்தினேன்.

ஆபீசர் சார் டீயோடு வந்தார். "யாராவது அதுல உப்பு போட்டு வெச்சிருப்பாங்க மேடம்" என்றார்.

"பூசி அடைச்ச பானை சார். உப்பு போட எப்படித் தொறப்பாங்க?"

லென்ஸை வாங்கிக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. டீ ஆறிப்போனது. பிறகு, "இந்தத் துண்டெல்லாம் பாருங்க. குளத்து நத்தை ஓடுன்னா இவ்வளவு கனமா இருக்காது. இது கடல் சிப்பி. எனக்கு ஃபர்ஸ்ட் போஸ்டிங் மணமேல்குடிப் பக்கம்தான். இதே மண்ணைத்தான் மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். அவர் குரலே மாறியிருந்தது.

அதாவது கடற்கரையிலிருந்து கிளம்பி, வழியில் திருவரங்குளத்தில் பானை வாங்கி, குடுமியான்மலைப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதையே கண்முன்னால் தெரிந்தது. நான் சுமதிக்குப் போன் போட்டு, "உப்பு, சிப்பி, கடல்" என்று உளறினேன். அவள் புரிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், எங்க வீட்டுல படையல் போட்டா, மொதல்ல சொம்புத் தண்ணியில உப்பக் கரைச்சு வேப்பங்கொத்தால தெளிப்போம். தெளிச்சிட்டு 'வாரோம் சாமி'ன்னு சொல்லணும். கல்யாணமாகி வந்த புதுசுல, எல்லா வீட்டுலயும் சாமிய வா வான்னுதான கூப்புடுவாக, இங்க என்ன நாம வாரோம்னு சொல்றோம்னு மாமாகிட்டக் கேட்டேன். அப்புடித்தான் சொல்லணும்னு சொல்லிட்டாக."

கடல் இல்லாத ஊரில் கடல் தண்ணீர் செய்து தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாரிமுத்து என்று ஒரு தென்னை விவசாயி. மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்து ஊர்க்காரர். தண்ணீரில் உப்பு அதிகம் என்று வருஷா வருஷம் எங்களிடம் வருவார், துணிப்பையில் மட்டும்தான் மண் கொண்டுவருவார். அவருக்குப் போன் போட்டேன். "ஒங்க பக்கம் படையலுக்கு முன்னாடி கடல் தண்ணி தெளிக்கிற கோவில் எதுவும் இருக்கா?" என்றேன்.

"எங்க முனியய்யா கோவில்லதாங்க அப்புடி. ஏன் மேடம்?"

"அந்தக் கோவில் வகையறால யாராச்சும் ஊரை விட்டுப் போயிருக்காகளா?"

"அவுகளக் கூட்டிட்டு வாங்க மேடம். வர்ற வெள்ளிக்கிழமை படையல் இருக்கு. மத்தத நேர்ல பேசிக்கிருவோம்" என்றார்.

சின்னையா இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை. கிடாவும் பிடிக்கவில்லை. "மொதல்ல பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

5. ஓர் இலை

வேன் பிடித்துப் போனோம். ஆபீசர் சாரும் லீவு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டார். கோவில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. பனைகளுக்கு நடுவே ஒரு கல், நாலைந்து வேல்கம்பு, பின்னால் கடல். வேனை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், காலடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, பையில் இருந்த ஆசிட்டை ஒரு சொட்டு விட்டதுதான். சுர்ரென்றது. ஆபீசர் சார் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சின்னையா இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. பானையை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லையே பார்த்தபடி நின்றார்.

படையல் தொடங்கியது. மாரிமுத்து ஒரு குடம் கடல் தண்ணீர் கொண்டுவந்து வேப்பங்கொத்தால் தெளித்தார். சுமதி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். பிறகு ஒவ்வொரு கரைக்கும் ஒரு தலைவாழை இலை போட்டார்கள். கரைக்கு ஒரு பெரியவர் வந்து தன் இலை முன்னால் உட்கார்ந்தார். கடைசியில் இன்னும் ஓர் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பொங்கலும் கறியும் வைத்தார்கள். அங்கே உட்கார யாரும் வரவில்லை.

"இது யாருக்குங்க?" என்றார் சின்னையா.

மாரிமுத்து சொன்னார்: "மேக்க போன வகையறாவுக்கு. பஞ்சத்துல போனாக, வாரோம்னு சொல்லிட்டுத்தான் போனாகன்னு எங்க அய்யா சொல்லுவாரு. அவுக எலையப் போடாம நாங்க யாரும் கை நனைக்கிறதில்ல. கடைசி வரைக்கும் பாத்துட்டுக் காக்காய்க்குப் போட்டுருவோம்."

பிறகு அவர் சின்னையாவின் கையிலிருந்த பானையைப் பார்த்துக் கேட்டார். "நீங்க தண்ணி தெளிச்சுட்டு என்ன சொல்லுவீக?"

"வாரோம் சாமின்னு சொல்லுவோம்" என்றார் சின்னையா.

உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எங்கள் ஆபீசர் சார் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் எங்கேயும் திரும்பவில்லை, நின்ற இடத்திலேயே அழுதேன். மாரிமுத்து சின்னையாவின் தோளைப் பிடித்து அந்த இலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சின்னையா பானையைக் கல்லின் அடியில் வைத்தார்.

"வந்துட்டோம் சாமி" என்றார். உட்கார்ந்து, இலையில் கையை வைத்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

பையனுக்கு அங்கேயே, அன்றைக்கே முடி எறக்கினோம். ஊரே கேட்கும்படி அழுதான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் என்னை அடையாளம் தெரியாதவன் போல் பார்த்தான், எனக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை.

லேபுக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. எது சாம்பிள், எது சாக்கு என்று முதலில் பாருங்கள். பிறகு மீட்டரைத் தொடுங்கள். சாக்கும் சும்மா இல்லை, அது வந்த வழியைச் சொல்லும். ஆனால் வீட்டுக்குக் கூட்டிப்போவது மண்தான். யூரியா சாக்கோடு வருகிறவரைத் திட்டும்போது கொஞ்சம் பார்த்துத் திட்டுங்கள்.

முனியய்யா கோவிலில் இன்றைக்கும் அந்த இலையைக் கடைசியில்தான் போடுகிறார்கள், சின்னையா போய் அதன் முன்னால் உட்காருகிறார். காக்காய்கள் மட்டும் வழக்கப்படி வந்து காத்திருந்துவிட்டுப் போவதாக மாரிமுத்து சொல்கிறார்.